குறையாத தண்ணீர்

"பேய்க்கு ஞாயித்துக்கிழமை லீவு போலிருக்கேக்கா!"

கொசு காதோரம் கிசுகிசுத்தான். சர்வேயர் சிரிக்கவில்லை.

டீச்சர் வீட்டு நடையின் கோடியில் ஒரு கதவு. கதவின் மேல்பாதியில் ஒரு முழத்துக்குக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீல வெளிச்சம். மூச்சுத் திணறியவனின் உதட்டில் ஏறுமே, அந்த நீலம். அதற்குள் கறுப்பாக ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி, தண்ணீர் தளும்பத் தளும்ப நின்றது.

முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கிடங்குகளையும் முழுகின படகுகளையும் அளந்து ரிட்டயரானவர் அவர். சொந்தப் பெயரை ஊர் மறந்து 'சர்வேயர்' மட்டும் நிலைத்துவிட்டது. இப்போது தனியாகத் துப்பு துலக்குகிறார். கூடவே சுற்றும் கொசுவுக்கு வயது முப்பத்து நாலு, ரெண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. காதருகே ஓயாமல் ரீங்காரம் போடுவதால் அந்தப் பெயர்.

"இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்," என்றார் சர்வேயர்.

கணக்கு டீச்சர் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். மெலிந்த உடம்பு. கண்ணுக்குக் கீழே தூங்காத கருமை.

"அந்தத் தொட்டி முந்நூறு லிட்டர். தினமும் நாலு லிட்டர் ஆவியாகும்னு என் வீட்டுக்காரரே சொல்லியிருக்கார். கண்ணாடியில கறுப்பா ஒரு கோடு தெரியுதா, அதுதான் அவர் வெச்ச அளவு. அவர் போய் நூறு நாள் ஆச்சு. நான் இந்தக் கதவைத் தாண்டினதே இல்ல. கணக்குப்படி தொட்டி எப்பவோ காஞ்சிருக்கணும். ஆனா தினம் சாயந்திரம் ஸ்கூல் விட்டு வந்து பாத்தா, தண்ணி கோட்டுல நிக்குது. ஞாயித்துக்கிழமை மட்டும் அரை விரக்கடை குறையும். திங்கக்கிழமை சாயந்திரம் மறுபடி கோட்டுக்கு வந்துடும்."

"விளக்கு?"

"அதையும் நான் போடல. தொட்டி நிரப்பின நாப்பத்து மூணாம் நாள் தானா எரிஞ்சது. அன்னிலேர்ந்துதான் தட்டறதும்."

"யார் தட்டறது?"

டீச்சர் திரும்பினாள். கதவைப் பார்த்தாள்.

டொக்.

கொசு சர்வேயரின் முழங்கையைப் பிடித்தான். நகத்தால் கண்ணாடியைச் சுண்டின மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். உள்ளே ஆள் இல்லை. நிழல்கூட அசையவில்லை.

"அண்ணன் அஞ்சு மணிக்குக் காரோட வர்றார்," டீச்சரின் குரல் இறங்கியது. "எனக்குப் பித்துப் பிடிச்சுடுச்சுன்னு முகத்துக்கு நேராவே சொல்லிட்டார். டாக்டரைப் பாக்கணுமாம், அப்புறம் அவர் வீட்டோடயே இருக்கணுமாம். வீட்டைப் பூட்டி, தொட்டியை உடைச்சு எடுத்துடப் போறாங்க. அதுக்குள்ள இங்க வர்றது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும், மேடம். வேற எதுவும் வேண்டாம்."

மணி பதினொன்றரை. ஐந்தரை மணி நேரம். இன்று ஞாயிறு; வருகிறவன் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான் என்பதால், ஒளிந்திருந்து பிடிக்கிற யோசனைக்கு வழியே இல்லை.

*

தாழ்ப்பாளில் சிலந்தி வலை கட்டியிருந்தது. சர்வேயர் அதைக் கொசுவுக்குக் காட்டிவிட்டுத்தான் இழுத்தார். டீச்சர் நடையிலேயே நின்றுகொண்டாள்.

"வலையை எதுக்குக் காட்டினீங்க?" உள்ளே வந்ததும் கேட்டான்.

"உன் மனசுல என்ன ஓடிச்சுன்னு தெரியும்டா. டீச்சரே ஊத்திட்டு டீச்சரே மறந்துட்டாங்களோன்னுதானே?"

"சேச்சே! பாதிதான் ஓடிச்சு."

முன்பு கார் நிறுத்துகிற அறை அது. அந்தக் கோடியில் பின்சந்துக்குத் திறக்கும் இரும்பு ஷட்டர். ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணியடித்துத் தைத்திருந்தார்கள். பம்ப் ஒன்று கிணற்றுக்குள்ளிருந்து முனகுகிற மாதிரி முனகிக்கொண்டிருந்தது. கடல் வாசனை. பூட்டிய அறைக்குள் கடல் வாசனை வந்தால் பழைய மருந்து அலமாரி வாசனை மாதிரி அடிக்கிறது.

சர்வேயர் ஷட்டரின் பூட்டுத் துவாரத்தில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். எண்ணெய்ப் பசை. "இந்தச் சாவி எங்க டீச்சர்?"

"அவர் சாவிக்கொத்துல இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கயே தொலைஞ்சுடுச்சு."

தொட்டிக்குள் மீன் ஒன்றுகூட இல்லை. எலும்பு மாதிரி வெளுத்த கற்கள், குகையும் வளைவுமாக அடுக்கியிருந்தன. நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் வேறு நிறம். கத்தரிப்பூ நிறத்தில் மேலே பூத்துப் படர்ந்த ஒரு கல். அதன் சந்துகளில் மெல்லிய இழைகள் ஆடின. செத்த ஊருக்குள் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிற மாதிரி இருந்தது.

டொக்.

சத்தம் அந்தக் கல்லுக்கு அடியிலிருந்துதான் வந்தது. சர்வேயர் டார்ச்சை அடித்தார். கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் இறால் பொந்துக்குள் பின்வாங்கியது. அதன் ஒரு கை மட்டும் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தது.

"அக்கா, அது கையைப் பாருங்க! ஒரு பக்கம் மட்டும் ஜிம்முக்குப் போயிருக்கு."

சுவரில் கயிறு கட்டித் தொங்கிய நோட்டுப் புத்தகத்தைச் சர்வேயர் எடுத்தார். இறந்தவர் நகரத்துக் குடிநீரைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். கையெழுத்தே ஆய்வுக்கூடம் மாதிரிதான் இருந்தது. முதல் பக்கத்தில் இப்படி:

'பவளம் வளர்க்கும் தொட்டிக்குப் புதிய முறை. காய்ந்த கல், கலந்த உப்பு நீர், புட்டியில் வாங்கிய பாக்டீரியா. தொண்ணூறு நாள் முழு இருட்டு. வெளிச்சம் இல்லையேல் பாசி இல்லை. பாசி இல்லையேல் பாக்டீரியா நிம்மதியாகக் கல்லில் குடியேறும். தொண்ணூறு நாள் முடியும்வரை உயிருள்ள எதுவும் உள்ளே வரக் கூடாது.'

அடியில் 'கடல் கல்லோடு ஒளிந்து வரக்கூடியவை' என்று ஒரு பட்டியல். ஏழாவதாக: 'பிஸ்டல் இறால். ஒரு கை பெரிது. சொடுக்கினால் கண்ணாடி விரிசல் விடுகிற சத்தம் வரும்.'

"பிஸ்டலா? லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க." கொசுவுக்குத் தெம்பு வந்துவிட்டது. "முடிஞ்சுதுக்கா கேஸ். பேய் இல்ல, இறால். டீச்சர்கிட்ட சொல்லிட்டு..."

"இறால் எப்படிடா உள்ள வந்துது?"

கொசு தொட்டியை மறுபடி எட்டிப் பார்த்தான்.

அலமாரியில் உப்பு அளக்கும் கண்ணாடி மிதவை இருந்தது. சர்வேயர் ஒரு குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு மிதவையை விட்டார். சரியான உப்பளவைக் காட்டும் பச்சைக் கோட்டில் அச்சடித்த மாதிரி நின்றது.

"கடல் தண்ணி குறைஞ்சா நீ என்ன ஊத்துவ?"

"கடல் தண்ணிதான்."

"தப்பு. ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான். உப்பு தொட்டியிலயே தங்கிடும். நூறு நாள் உப்புத் தண்ணி ஊத்தியிருந்தா இது இந்நேரம் ஊறுகாய் ஜாடி. குழாய்த் தண்ணியை ஊத்தியிருந்தா பாசி மண்டியிருக்கும். ஒருத்தர் சுத்தமா வடிகட்டின நல்ல தண்ணியை, தினம் அளந்து ஊத்தியிருக்கார். விஷயம் தெரிஞ்ச கை."

"விஷயம் தெரிஞ்ச கைன்னா..." கொசு நடைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "வீட்டுக்காரர்தானேக்கா? அவர் செத்தாரான்னே..."

"செத்தார். அதைவிட முக்கியம், வர்றது அவர் இல்ல. உயிரோட இருந்தாலும் சரி, ஆவியா வந்தாலும் சரி." நோட்டை விரலால் தட்டினார். "தொண்ணூறு நாள் இருட்டுன்னு கோடு கிழிச்சவர் நாப்பத்து மூணாம் நாள் விளக்கைப் போடுவாரா? உயிரே கூடாதுன்னவர் கடல்ல எடுத்த உயிர்க் கல்லைக் கொண்டுவந்து நடுவுல வெப்பாரா? இந்தக் கையெழுத்தைப் பாரு. இந்த மனுஷன் பேயானாலும் தன் முறையை மீறமாட்டார். வர்றவருக்குத் தொட்டி தெரியும். ஆனா இந்த முறையில நம்பிக்கை கிடையாது."

நடைக்கு வந்து டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்தத் தொட்டி விஷயத்துல உங்க வீட்டுக்காரரோட சண்டை போட்டவங்க யாராவது உண்டா?"

"சண்டையா? மீன்கடைக்காரர்தான். அவருக்கு இருந்த ஒரே சிநேகிதர். வாராவாரம் இங்க உக்காந்து கல்லுக்காகக் கத்திக்குவாங்க. உயிர்க் கல் இல்லாம தொட்டியான்னு அவர், செத்த கல்லுதான் சுத்தம்னு இவர்." டீச்சரின் முகம் சுருங்கியது. "இவர் போனப்புறம் அந்த மனுஷன் ஒரு நாள்கூட எட்டிப் பாக்கல."

*

மீன்கடை நான்கு தெரு தள்ளி, ஒரு சைக்கிள் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒடுங்கியிருந்தது. உள்ளே போனால் மூன்று சுவரிலும் தண்ணீர். ஐம்பதைத் தாண்டிய கனமான ஆள் ஸ்டூலில் உட்கார்ந்து வாளியில் உப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார். மூலையில் வடிகட்டி இயந்திரம் சொட்டுச் சொட்டாக ஒரு கேனை நிரப்பிக்கொண்டிருந்தது.

"வீட்டுல பவளத் தொட்டி வைக்கணும்," என்றார் சர்வேயர். "காய்ஞ்ச கல், தொண்ணூறு நாள் இருட்டு. அந்தப் புது முறையில."

கலக்குகிற கை நின்றது. "யார் சொன்னா அதை?"

"ஒரு நோட்டுல படிச்சேன்."

"அது முறையா அம்மா? சமாதி கட்டற வேலை! கடல்லேர்ந்து ஒரு கல்லை எடுத்து வெச்சா ஆயிரம் உயிர் தானா வந்து குடியேறும். அதை விட்டுட்டு எலும்பை அடுக்கி..."

"கடல் கல்லுல வேண்டாதது ஒளிஞ்சு வருமாமே? பிஸ்டல் இறால் மாதிரி."

"என் கல்லுல வராது. ஒவ்வொண்ணையும் நான் அலசிப் பாத்துதான் கொடுப்பேன்."

"டீச்சர் வீட்டுத் தொட்டியில வெச்சீங்களே, அதுல இருக்கே."

"சான்ஸே இல்ல! மூணு தடவை கழுவித்தானே வெச்ச..."

வாக்கியம் வாளிக்குள் விழுந்து முழுகியது. 

"பேய்க்கு ஏன் ஞாயித்துக்கிழமை லீவுன்னு இப்ப புரிஞ்சுதுக்கா," என்றான் கொசு. "அன்னிக்கு டீச்சர் வீட்டுல இருப்பாங்க."

மீன்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த கையை மறுபடி துடைத்தார்.

"சாவியை அவன்தான் கொடுத்தான். ஆஸ்பத்திரியில. தொட்டியைப் பாத்துக்கடான்னான். முதல்ல வெறும் தண்ணிதான் ஊத்திட்டு வந்தேன். இருட்டுல, அந்த வெள்ளைக் கல்லோட... தினமும் சவப்பெட்டிக்குத் தண்ணி காட்டற மாதிரி இருந்துதும்மா. தாங்கல. ஒரு உயிராவது இருக்கட்டுமேன்னு நாப்பத்து மூணாம் நாள் ஒரு கல்லை வெச்சு, விளக்கையும் டைமர்ல போட்டேன். அவன் இருந்தா என்னை அடிச்சிருப்பான்."

"டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அந்தம்மாவுக்குப் பித்துன்னு முடிவு கட்டிட்டாங்க. அஞ்சு மணிக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

அவர் நிமிர்ந்தார். நிஜமான அதிர்ச்சி. "ஐயையோ! எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா!"

"அப்ப கிளம்புங்க. வந்து சொல்லுங்க."

"மாட்டேன்."

சர்வேயர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எரிந்த கிடங்குக்காரர்கள் முப்பது வருஷம் அவர் முன்னால் மௌனம் சாதித்துப் பார்த்திருக்கிறார்கள். காத்திருக்க அவருக்குத் தெரியும்.

கடைசியில் வாயைத் திறந்தவர் தரையைப் பார்த்தே பேசினார். "நான் அவனுக்கு ஒரு கல்லு அன்பளிப்பாக் கொடுத்தேன். உயிர்க் கல். மேல பழுப்பா, சட்டைப் பொத்தான் மாதிரி வரிசையா ஒண்ணு மொளைச்சிருந்துது. உயிரோட உள்ள விடமாட்டேன்னு அவன் அடம். மறுநாள் காலையில போன் பண்ணேன். டீச்சர் எடுத்தாங்க. 'கொதிக்கற தண்ணில போட்டு எடுக்கச் சொல்லுங்க டீச்சர், எல்லாம் செத்துடும், அவர் முறைக்கும் ஒத்துப்போகும்'னேன். தமாஷாத்தான் சொன்னேன். அந்தப் பொத்தான்ல விஷம் இருக்கு, கொதிச்சா ஆவியில ஏறும்னு எனக்கு அப்ப தெரியாது. இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். தெரியாது."

"கல்லை அடுப்புல வெச்சது?"

"டீச்சர். அவனுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு பானையில போட்டு அடுப்பைப் பத்த வெச்சுட்டு ஸ்கூலுக்குப் போயிட்டாங்க. வெளிய மழை. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. இவன் சளியோட வீட்டுல இருந்தான். கல்லு வெந்துடுச்சான்னு மூடியைத் திறந்து குனிஞ்சு பாத்திருக்கான்."

மீன்கடைக்காரர் வாளியைக் காலால் தள்ளி வைத்தார்.

"மூணு நாள். டாக்டர்கிட்ட அவனே சொன்னான். அதுக்கு மாத்து மருந்து கிடையாதுன்னுட்டாங்க. நுரையீரல் காய்ச்சல்னு மட்டும் அவகிட்ட சொல்லுங்கன்னு டாக்டர் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டான். என்கிட்ட சத்தியம் வாங்கினான். டீச்சர் முகத்தைப் பாத்தா என் வாய் நிக்காதும்மா. அதான் பின்சந்து வழியா..." அவர் தரையிலிருந்து தலையைத் தூக்கினார். "என் ஒரு போன்கால். அதைத் தூக்கி அந்தம்மா தலையில வைக்கச் சொல்றீங்களா?"

*

நாலே முக்காலுக்குச் சர்வேயரின் கார் டீச்சர் வீட்டுத் தெருமுனையில் நின்றது. பின்சீட்டில் மீன்கடைக்காரர், மடியில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு. கூட்டி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"அக்கா, ஆள் வர்றான்னு மட்டும் சொல்லுங்க. ஏன்னு சொல்லாதீங்க," என்றான் கொசு. கேலி இல்லாத அவன் குரலைச் சர்வேயர் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறார். "பாதி சொன்னா பொய்யாகாது இல்ல?"

"பாக்கலாம்."

வாசலில் அண்ணனின் கார் ஏற்கெனவே வந்திருந்தது. அண்ணன் தங்கையின் பெட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான், கவலைப்பட்டுக் கவலைப்பட்டே கடுமையாகிப் போன முகம். டீச்சர் வாசற்படியில் வெளுத்த புடவையில் நின்றாள்.

"உங்களுக்குப் பித்து எதுவும் இல்ல டீச்சர்," என்று நேராக ஆரம்பித்தார் சர்வேயர், அண்ணனுக்கும் கேட்கும்படி. "தினமும் பகல்ல, நீங்க ஸ்கூல்ல இருக்கற நேரத்துல, ஒரு ஆள் ஷட்டர் வழியா வந்து தண்ணி ஊத்தறார். விளக்கு டைமர்ல எரியுது. தட்டறது அவர் வெச்ச கல்லுல இருக்கற ஒரு இறால்."

அண்ணன் பெட்டியின் கைப்பிடியை விட்டார். "ஆளா? திருடனா?"

சர்வேயர் அவரைப் பார்க்கவில்லை. டீச்சரின் முகத்தில் நிம்மதி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் அந்த முகத்திலிருந்து இறங்கியது. டீச்சர் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"அப்ப அவர் வரல," என்றாள்.

"டீச்சர்..."

"நூறு நாளா அவர்தான் வர்றார்னு நினைச்சேன். அவர்தான்னு நீங்க சொல்லணும்னுதான் மேடம் உங்களைக் கூப்பிட்டேன். பித்து இல்லைன்னு நிரூபிக்க இல்ல. அவர் வர்றார்னு தெரிஞ்சா, இங்கயே உக்காந்து ஒரு கேள்வி கேட்டிருப்பேன்."

 எல்லாத் தடயமும் சரியாகப் பொருந்தியிருந்தது. டீச்சரைத்தான் சர்வேயர் தவறாகப் படித்திருந்தார்.

"அவர் எப்படிப் போனார்னு உங்களுக்குத் தெரியுமா?" மெதுவாகக் கேட்டார்.

"காய்ச்சல் மூணு நாள்ல ஆளை முடிக்காது. கணக்கு இடிச்சுது. ஸ்கூல் கம்ப்யூட்டர்ல 'கடல் கல்லைக் கொதிக்க வைத்தால்'னு தேடினேன். முதல் வரியிலயே இருந்தது." அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "அடுப்புல வெச்சது நான்தாண்ணா. உன்கிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல."

அண்ணன் ஒன்றும் புரியாமல், ஏதோ பெரிசாக உடைந்திருக்கிறது என்று மட்டும் புரிந்து, தங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

சர்வேயர் தெருமுனைப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். கொசு கார்க் கதவைத் திறந்தான். கனமான உருவம் ஒன்று இறங்கி, தெருவின் ஓரமாகவே, சுவரை ஒட்டியே நடந்து வந்தது. நூறு நாள் சந்து வழியாக வந்தவருக்கு வாசல் வழி பழக்கமில்லாமல் போயிருந்தது.

டீச்சர் அவரைப் பார்த்தாள். 

"தண்ணி ஊத்தினது நீங்களா?"

"ஆமா டீச்சர்."

"கல்லை அடுப்புல வெச்சது நான்."

"தெரியும்."

"அவருக்கு?"

மீன்கடைக்காரர் சர்வேயரைத் திரும்பிப் பார்த்தார். சர்வேயர் தலையை மட்டும் அசைத்தார்.

"தெரியும் டீச்சர். முதல் நாளே தெரியும்."

"நான் மூணு நாளும் அவர் பக்கத்துலயேதானே இருந்தேன்? எப்ப சொன்னார் உங்ககிட்ட?"

"மருந்து வாங்கக் கீழ போனீங்களே, அப்ப. ரெண்டாம் நாள் சாயந்திரம்."

டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். கேட்க வேண்டிய ஆளிடம் கேட்க முடியாத கேள்வி உதட்டில் நின்று துடித்தது. "என்ன சொன்னார் என்னைப் பத்தி?"

"அவகிட்ட சொல்லிடாதடா, பதறுவான்னான். அப்புறம்..." அவர் நிறுத்தினார். உள்ளங்கையால் மூக்கைத் துடைத்தார். "அப்புறம் சிரிச்சான் டீச்சர். மூச்சு வாங்க வாங்க. 'அப்பவும் பாரு, அடுப்பை சிம்லதாண்டா வெச்சிருந்தா. கேஸ் வீணாகக் கூடாதாம். கல்லு வேக மதியமாயிடுச்சு'ன்னான்."

டீச்சரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரித் தொடங்கி வேறு எங்கோ போய் முடிந்த சத்தம். அண்ணன் குனிந்து அவள் தோளைப் பிடித்தார். அவள் கையை விலக்கவில்லை, எழுந்துகொண்டாள்.

"அண்ணா, பெட்டியை இறக்கிடு."

"அம்மாடி, டாக்டர்கிட்ட..."

"அப்புறம் போகலாம். இன்னிக்கு இல்ல." மீன்கடைக்காரரைப் பார்த்தாள். "நான் மருந்து வாங்க ஆறு தடவை கீழ போனேன். எண்ணி வெச்சிருக்கேன். ஒண்ணைத்தான் சொல்லியிருக்கீங்க. உள்ள வாங்க. மீதி அஞ்சையும் சொல்லுங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். வாசல் வழியாக உள்ளே போனார்.